மெதுக் கொட்டடியில் ஒரு வாய்தா

கோர்ட் முப்பது நாள் வாய்தா கொடுத்தது. நயினார் கைக்கு அது மூன்று நாளாக வந்தது.

மூன்று நாள்கூட முழுசாக இல்லை. உத்தரவு நகல் கோர்ட்டிலிருந்து மேலக்கரை மத்திய சிறைக்கு வந்துசேர எட்டு நாள் ஆனது. கண்காணிப்பாளர் மேஜையில் முத்திரைக்காக ஆறு நாள் கிடந்தது. ஆகப் பதினாலு நாள் காற்றோடு போயிற்று. அந்தப் பதினாலு நாளில் நயினார் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, பல் தேய்த்து, இரண்டு வேளை சாப்பிட்டிருந்தான். அவ்வளவுதான். மூன்றாம் வேளைக்குத் தட்டை எடுக்கத் திரும்பியபோது, காலியாக இருந்த மேஜைமேல் அந்தத் தாள் முளைத்திருந்தது. வைத்துவிட்டுப் போன காவலரை அவன் பார்க்கவில்லை. ஏதோ நிழல் போனதுபோல் இருந்தது.

மெதுக் கொட்டடி என்பது கைதிகள் வைத்த பெயர். அரசாங்க ஏட்டில் அதற்கு ஒன்றரை வரி நீளத்தில் ஒரு பெயர் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விஷயம் இதுதான். மருந்தை ஏற்றியதும் உடம்பும் மனசும் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கிவிடும். வெளியே பத்து நாள் போனால் உள்ளே இருப்பவனுக்கு ஒரு நாள். ஒருத்தனுக்கு ஒரு நாளைக்குப் போடுகிற சோறு பத்து நாளைக்குப் போதும். அடிதடி கிடையாது. எவனாவது சுவரேறிக் குதிக்க நினைத்தால், அவன் காலைத் தூக்குவதற்குள் காவலர் டீ குடித்துவிட்டு வந்து நிதானமாகப் பிடித்துக்கொள்ளலாம். அரசாங்கத்துக்கு ஏக சந்தோஷம். தண்டனையையோ வெளிக் காலண்டரை வைத்துத்தான் கழிப்பார்கள். பத்து வருஷத் தண்டனை, உள்ளே இருப்பவனுக்கு ஒரே வருஷத்தில் முடிந்துவிடும்.

நயினார் டீசல் மெக்கானிக். ஒர்க்‌ஷாப்பில் வாய்ச்சண்டை முற்றிக் கையிலிருந்த ஸ்பேனரால் கூட வேலை செய்தவனை அடித்தான். அவன் செத்துப்போனான். நயினார் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. பத்து வருஷம் விழுந்தது. சிறைக்குள் வந்த முதல் வாரமே ஒரு எழுத்தர் வந்து படிவத்தைப் படித்துக்காட்டினார். "ஒமக்குப் பத்து வருஷமும் ஒரே வருஷத்துல முடிஞ்சிரும். இங்கன ஒரு கையெழுத்து போடும்" என்றார். கேட்கவா வேண்டும்? போட்டான். ஒரு வருஷத்தில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டான். அடுத்த ஆடிக்கு வந்துவிடுவேன் என்று மனைவி சண்முகக்கனிக்குச் சொல்லியும் அனுப்பினான். வெளியே பத்து வருஷமும் பத்து வருஷமாகத்தான் ஓடும் என்பதை அந்த எழுத்தர் சொல்லவில்லை. இவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முதல் சந்திப்பில் புரிந்துபோயிற்று. அரை மணி நேரச் சந்திப்பு அவனுக்கு மூன்று நிமிஷம். கம்பிக்கு அந்தப்பக்கம் பேசுகிறவர்களின் குரல் குருவி கத்துகிற மாதிரி கேட்கும். ஒரு சொல் விளங்காது. அதனால் குடும்பத்தார் சிலேட்டில் எழுதிப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் அரை மணி நேரம் நிற்பார்கள். அசைந்தால் முகம் கலைந்துவிடும். ஆறு வயசு மகள் உலகம்மை முன்பல் இல்லாமல் அப்படி நின்றாள். அவனுடைய கணக்கில் ஒன்பது நாள் கழித்து வந்தபோது பல் முளைத்திருந்தது. அடுத்த தடவை கவுன் போய்ப் பாவாடை வந்திருந்தது. அதற்கடுத்த தடவை எழுத்து உருண்டையாகி இருந்தது. பெற்ற பிள்ளை கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கிறாள், தடுத்து நிறுத்த ஆளில்லை. நயினார் அன்றைக்குச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

அவன் கணக்கில் இரண்டாம் மாதம் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டான். விவரம் சொல்லாமல் வாங்கிய சம்மதம் செல்லாது. மிச்சத் தண்டனையை எல்லாக் கைதிகளையும்போல வெளிவேகத்தில் கழிக்க விடவேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது. இலவச வக்கீல் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் ஊருக்கே போய்விட்டு வரலாம்போல இருந்தது அவர்களுக்கு. அப்புறம் வரவில்லை. தன் வழக்கைத் தானே நடத்துவது என்று நயினார் முடிவுசெய்தான்.

முதல் விசாரணை சிறையிலிருந்தே வீடியோத் திரையில். கோர்ட் டவாலி வழக்கம்போல மூன்று தடவை பெயரைக் கூப்பிட்டார். நயினார் வாயைத் திறந்து "ஆஜர்" என்று முடிப்பதற்குள் அங்கே வழக்கு தள்ளுபடியாகி, அடுத்த வழக்கும் பாதி முடிந்திருந்தது. அதைத் திரும்பக் கோப்புக்கு எடுக்க வைக்கவே வெளியே எட்டு மாதம் ஓடியது.

இப்போது அரசுத் தரப்பு நாற்பத்தொரு கேள்விகளையும் இருநூற்றுப் பதினாலு பக்க ஆவணங்களையும் அனுப்பியிருந்தது. எல்லாவற்றுக்கும் பதில் தாக்கல் செய்தால்தான் விசாரணைக்கே போக முடியும். ஏற்கெனவே இரண்டு தடவை அவகாசம் நீட்டி வாங்கியாயிற்று. கடைசியாகக் கிடைத்ததுதான் இந்த முப்பது நாள். இனிக் கேட்டால் மூன்றாவது.

"அண்ணாச்சி, இன்னொரு வாய்தா கேக்கணும்" என்றான் நயினார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த சேர்மத்துரை வெளியே இருந்தபோது பத்திர எழுத்தர். ஐம்பத்தைந்து வயசு. யாரோ ஒருவர் நிலத்தை யாரோ ஒருவர் பெயருக்கு அழகாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருந்தார். கொட்டடியில் அவர் எழுத்துக்கு நல்ல மவுசு.

"கேப்போம். ஆனா இந்தத் தடவை சும்மா முப்பது நாள் குடுங்கன்னு கேக்கப்பிடாது வே. காரணம் நச்சுன்னு இருக்கணும்."

அவர் எழுதினார். மனுதாரரைப் பொறுத்தவரை நாள் என்பது அவர் உடம்பும் மனமும் வாழ்ந்து கழிக்கும் நாளே அன்றி, வெளிக் காலண்டரில் கிழிபடும் தாள் அல்ல; ஆகவே முப்பது வாழ்ந்த நாட்களை அவகாசமாக அளிக்க வேண்டுமாய்ப் பிரார்த்திக்கிறார். எழுதிவிட்டுத் தானே ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்துக்கொண்டார். முகத்தில் பெருமை தாங்கவில்லை.

நயினார் விரல்விட்டு எண்ணினான். "முப்பது நாளுன்னா வெளிய பத்து மாசம், அண்ணாச்சி. பிள்ள ஒரு கிளாஸ் தாண்டிருவா."

"தாண்டட்டும். கேஸு செயிச்சா மிச்ச கிளாஸ நீரு பாக்கலாம்லா."

வேறு வழியும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டான்.

மனுவைப் பார்த்த மாவட்ட முன்சீப் மெஹருன்னிசா, கைதியை நேரில் ஆஜர்படுத்தச் சொல்லி உத்தரவிட்டார். அன்றைக்கு மட்டும் வெளிவேகத்துக்கு ஏற்றிக் கொண்டுவர வேண்டும். சிறைக் கம்பவுண்டர் இஸ்ரவேல் ஊசி போட்டார். முதலில் காதில் இரைச்சல் எழுந்தது. பிறகு குருவிச் சத்தமெல்லாம் மெல்லத் தடித்து மனுஷக் குரலாயிற்று.

"கேக்கா?" என்றார் இஸ்ரவேல்.

"கேக்கு சார்."

"ரெண்டு நாள் தாங்கும். பொறவு திரும்ப எறக்கிருவோம். இப்பிடி ஏத்தி எறக்குறத வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல நெஞ்சு தாங்காது வே. அதனால இன்னைக்குப் பேச வேண்டியத எல்லாம் பேசி முடிச்சிரும்."

வேனில் போகும்போது நயினார் வெளியே பார்த்துக்கொண்டே போனான். ஒரு ஆள் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். மிதிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அதுவே அவனுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

கோர்ட்டில் அரசு வக்கீல் எழுந்து, "கால நீட்டிப்பு மனுவுக்கு ஆட்சேபணை இல்லை" என்றார்.

பெஞ்ச் கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முன்சீப்பும் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு வாட்டியும் ஆட்சேபணை பண்ணுனீங்களே. இப்ப என்ன ஆச்சு?"

"மனுதாரரே எழுதியிருக்காரும்மா. வாழ்ந்த நாள்தான் நாள்னு. அதை அப்படியே கோர்ட் பதிவு பண்ணட்டும். அரசு ஏத்துக்குது." வக்கீல் ஒரு தாளைப் புரட்டினார். "அவகாசத்துக்கு எது நாளோ, தண்டனைக்கும் அதுதானே நாள். ஒரே ஆளுக்கு ரெண்டு விதமா எண்ண முடியாதுல்ல."

நயினாருக்கு விளங்கவில்லை. முன்சீப்புக்கு உடனே விளங்கிவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"நயினார், உங்களுக்கு வக்கீல் இல்ல. நான் உங்களுக்கு யோசனை சொல்லக் கூடாது. ஆனா சொல்றது உங்களுக்குப் புரியுதான்னு பாக்கணும். கவனமா கேளுங்க. நீங்க உள்ள வந்து வெளிக் காலண்டர்ல எவ்வளவு ஆச்சு?"

"நாலு வருஷம் ரெண்டு மாசம், அம்மா."

"நீங்க வாழ்ந்தது?"

"அஞ்சு மாசம்."

"நீங்க கேட்டபடி நான் உத்தரவு போட்டா, நீங்க கழிச்ச தண்டனை அஞ்சு மாசம்தான்னு ஆகும். மிச்சம் ஒன்பது வருஷம் ஏழு மாசம். அதை மெதுக் கொட்டடியிலயே வாழ்ந்து முடிச்சா, வெளிய தொண்ணூத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆயிரும்."

நயினார் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். தொண்ணூற்றைந்து வருஷம். உலகம்மை இருக்க மாட்டாள். அவள் பெறப்போகிற பிள்ளைகளே கிழடுதட்டிப் போயிருப்பார்கள். அதைவிட மோசமாக இன்னொன்றும் தோன்றியது. கொட்டடியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். இந்த ஒரு வரியைக் காட்டி அத்தனை பேர் தண்டனையையும் திரும்ப எண்ண ஆரம்பித்தால்? சேர்மத்துரை அண்ணாச்சி பெருமையாக எழுதிய வரி.

"மனுவ வாபஸ் வாங்கிக்கிடுதேன் அம்மா."

"வாங்கலாம். அப்ப பழைய வாய்தா நிக்கும். உங்க கணக்குல இன்னும் ஒரு நாள்தான் இருக்கு. நாப்பத்தொரு கேள்விக்கும் பதில் தாக்கல் ஆகலன்னா வழக்கு போயிரும்."

அரசு வக்கீல் மறுபடி எழுந்தார். குரல் இப்போது கொஞ்சம் தணிந்திருந்தது. "சமரசமா ராஜி பண்ணிக்க அரசு தயார்ம்மா. வாழ்ந்த நாள் கணக்கை அவர் ஏத்துக்கிட்டா, நாளைக்கே அவரை வெளிவேகத்துக்கு மாத்திடறோம். எல்லாரும் இருக்கிற சாதாரணக் கொட்டடி. அவர் கேட்டதும் அதுதானே. ஆனா தண்டனை ஒன்பது வருஷம் ஏழு மாசம் பாக்கி."

"மத்தவங்களுக்கு?" என்று கேட்டான் நயினார்.

"ராஜிங்கறது அதுல கையெழுத்துப் போட்டவங்களை மட்டும்தான் கட்டும்" என்றார் முன்சீப். "வேற யாரையும் தொடாது. அதையும் எழுத்துல போடச் சொல்லலாம். ரெண்டரை மணிக்கு வாங்க. யோசிச்சிட்டு வாங்க."

வராந்தாவில் சண்முகக்கனி நின்றிருந்தாள். கூட வந்த போலீஸ்காரர் ஒருத்தர் நல்ல மனுஷர். தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தூணுக்கு அந்தப்பக்கம் போய் நின்றுகொண்டார். அவள் நெற்றியோரம் நரைத்திருந்தது. அவனுக்கு அவளைப் பிரிந்து ஐந்து மாதம். அவளுக்கு நாலு வருஷத்துக்கு மேல். பக்கத்தில் பத்து வயசுப் பெண் ஒருத்தி, சுவரோடு சுவராக மூச்சைப் பிடித்துக்கொண்டு, இமைகூட அசைக்காமல் நின்றாள்.

"பேசலாம்ட்டி" என்றாள் சண்முகக்கனி. "இன்னைக்கு அப்பாவுக்குக் கேக்கும்."

உலகம்மை மெதுவாகத் தோளைத் தளர்த்தினாள். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

நயினார் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் பாதியிலேயே தலையை ஆட்டினாள். "ராஜியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கேஸு போனா போவுது. இன்னும் ஆறு வருஷம் நான் ஓட்டிருவேன். ஒங்களுக்கு ஏழு மாசம். கண்ண மூடித் தெறந்தா முடிஞ்சிரும். வெளிய வந்து குடும்பத்தப் பாருங்க. பத்து வருஷம்னா என்னால முடியாது. ஒத்தையா ஓடி ஓடி எனக்கு அலுத்துப்போச்சு."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. முப்பத்தேழு வயசில் உழைக்கிற உடம்போடு வீட்டுக்குப் போகலாம். அவள் நாற்பதில் இருப்பாள், பிள்ளை பதினாறில். நயினார் சரி என்று சொல்ல வாயெடுத்தான்.

"என்னைக் கபடில சேக்கல" என்றது ஒரு குரல்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். உலகம்மை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. இப்படி இருக்கும் என்று அவன் நினைத்தே பார்த்ததில்லை.

"யாரு சேக்கல?"

"மகராசி டீச்சர். பொன்ராணி ஒசரமா இருக்கான்னு அவளச் சேத்துட்டாங்க."

"பொன்ராணி யாரு?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பொன்ராணியைத் தெரியாத ஒரு மனுஷன் உலகத்தில் இருப்பான் என்று அவள் நம்பத் தயாராக இல்லை. "என் பெஞ்சுப்பா. ரெண்டாங்கிளாஸ்ல இருந்து. இப்பதான் பேசுறதில்ல. அந்த ரப்பர் விஷயத்துல இருந்து."

"எந்த ரப்பரு?"

அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல வேகம் எடுத்துவிட்டது. ரப்பரை எடுத்தது பொன்ராணி இல்லை, ஜான்சிதான். ஆனால் பொன்ராணி அதைச் சொல்லவில்லை. அதனால் இவள் அவளோடு டூ விட்டாள். நடுவில் ஒருநாள் மழை வந்தபோது இரண்டு பேரும் ஒரே குடையில் வந்தார்கள், ஆனாலும் பேசவில்லை. நயினார் குறுக்கே குறுக்கே கேட்டான். அவள் பதில் சொன்னாள். அவன் கேட்ட உடனே பதில் வந்தது. ஒரு தடவை அவன் சிரித்தான், அவளும் கூடவே சிரித்தாள். அப்புறம், "அப்ப நான் ஜான்சிகிட்டப் போய்க் கேக்கவாப்பா, வேண்டாமா?" என்றாள்.

நாலு வருஷத்தில் வீட்டில் யாரும் அவனிடம் எதுவும் கேட்டதில்லை. சிலேட்டில் வந்ததெல்லாம் நாங்கள் நலம் என்பதுதான்.

"கேளு" என்றான். "ஆனா பொன்ராணி பக்கத்துல இருக்கும்போது கேளு."

அவள் அதை யோசித்துத் தலையாட்டினாள்.

சண்முகக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கோபமாகச் சொன்னாள். "எங்கிட்ட இதெல்லாம் ஒரு வார்த்த சொன்னதில்ல இவ. மூணு வருஷமா வாயே தெறக்கல. டீச்சர் கூப்பிட்டு ஊமையான்னு கேட்டாங்க." கொஞ்சம் பொறுத்து, "வாரம் ஒருக்க பாக்க விடுவாங்களா, அந்தக் கொட்டடியில?"

"விடுவாங்க."

"போங்க. போய் ராஜிக்குச் சரின்னு சொல்லுங்க." உலகம்மையின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நான் எப்பிடியும் ஓட்டிக்கிடுவேன். கொறஞ்சது, திட்டுறதுக்காவது ஒரு ஆளு இருக்கும்."

இரண்டரை மணிக்கு ராஜி மனு தட்டச்சாகி வந்தது. பெஞ்ச் கிளார்க் படித்துக்காட்ட ஆரம்பித்தார். நயினார் கையை நீட்டினான். "நானே வாசிக்கேன் சார்."

எட்டாங்கிளாஸ் படிப்பு. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தான். மொத்தக் கோர்ட்டும் காத்திருந்தது. இந்த உடன்பாடு வேறு எந்தக் கைதியின் தண்டனையையும் பாதிக்காது என்ற வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தான்.

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?" என்று முன்சீப் கேட்டார்.

"இல்ல அம்மா."

"ஏழு மாசத்துல வெளிய போயிருக்கலாம். அது தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடுறீங்களா?"

"தெரியும் அம்மா."

முன்சீப் கொஞ்ச நேரம் பேனாவைத் திறக்காமலே வைத்திருந்தார். பிறகு கையெழுத்திட்டார். பாக்கித் தண்டனை ஐந்து வருஷம் பத்து மாதத்திலிருந்து ஒன்பது வருஷம் ஏழு மாதமாக நீண்டது.

மறுநாள் சாமான்களை எடுக்க இஸ்ரவேல் அவனை மெதுக் கொட்டடிக்குக் கூட்டிப்போனார். சேர்மத்துரை கட்டிலில் உட்கார்ந்து பேனாவைத் தாளின்மேல் வைத்திருந்தார். பேனா நகர்கிறதா என்று பார்க்கக் குனிய வேண்டியிருந்தது. நயினார் ஒரு தாளில் எழுதினான்: அண்ணாச்சி, உங்க வரி உங்களையும் மத்தவங்களையும் ஒண்ணும் செய்யாது, என்னை மட்டும்தான், நான் சந்தோஷமாத்தான் போறேன். அதை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ஆடாமல் நின்றான். கால் கடுத்தது. அப்போதுதான் ஆறு வயசுப் பிள்ளை இப்படி எத்தனை தடவை நின்றிருக்கிறாள் என்று நினைத்துப் பார்த்தான். கடைசியில் சேர்மத்துரையின் கண் மெல்ல மெல்ல விரிந்து, தாளிலிருந்து அவன் முகத்துக்கு ஏறி வந்தது.

அடுத்த திங்கட்கிழமை சந்திப்புக்கு உலகம்மை முறைத்துக்கொண்டு வந்தாள்.

"பத்து வருஷத்த நீங்களே கேட்டு வாங்குனீங்களாமே. பொன்ராணி சொல்லுதா, யாராவது ஜெயில கேட்டு வாங்குவாங்களான்னு."

"பொன்ராணிகூடப் பேசிட்டியா?"

"அத விடுங்கப்பா. ஏன் வாங்குனீங்க?"

நயினார் சொல்ல ஆரம்பித்தான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மருந்தைப் பற்றிச் சொன்னான், சேர்மத்துரை எழுதிய மனுவைப் பற்றிச் சொன்னான், அவள் நடுவில் நூறு கேள்வி கேட்டாள். முக்கியமான இடத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. காவலர் எல்லாரையும் கிளம்பச் சொன்னார்.

"மிச்சத்த அடுத்த திங்கக்கெழம சொல்லுதேன்."

"மறந்துறக் கூடாது."

"மறக்க மாட்டேன்."

அவன் செவ்வாய்க்கிழமை முழுக்கச் சிறை ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தான். புதன் போயிற்று. வெள்ளிக்கிழமை அவனுக்குப் பொறுமை இல்லாமல் போய்விட்டது. சனி, ஞாயிறு நகரவே இல்லை. திங்கட்கிழமை வர ஏழு நாள் ஆனது. உலகம்மைக்கும் அதே ஏழு நாள்தான் ஆனது.